எப்சி வீட்டுக்குப் போன் செய்தாள்

பியூலா மிஸ் மாதிரி ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். பிரின்சிபால் ரத்தினபாய் மேடம் சொன்னார். சமையல்கட்டில் சொன்னார்கள். லேசில் யாரையும் நல்லவர் என்று ஒத்துக்கொள்ளாத வாட்ச்மேன் கிட்டுகூடச் சொன்னார். பிள்ளைகள் மேலே வாந்தி எடுத்தால் அவள் முகம் சுளிக்க மாட்டாள். தரையில் உருண்டு அடம் பிடித்தால் குரலை உயர்த்த மாட்டாள். என்ன ஒரு பொறுமை பாருங்கள் என்றார்கள். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கொஞ்ச நேரத்துக்கு உதடு இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது. காபி குடித்தால் ஒழுகும், ஒழுகுவதும் தெரியாது. பியூலாவுக்கு ஆள் முழுக்க அப்படி இருந்தது. போன செப்டம்பரில் ஜெர்சன் இறந்த நாளிலிருந்து.

ஜெர்சன் அவள் கணவன். கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தான். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, கெட்ட பழக்கம் என்று பார்த்தால் சாப்பாட்டுக்குப் பிறகு மிக்சர் கொறிப்பது ஒன்றுதான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நாள் காலை ஆபீஸ் நாற்காலியில் டீ கிளாஸோடு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அடக்க ஆராதனையில் பியூலா அழவில்லை. பாஸ்டர் ஜெபம் பண்ணினார், குவாயர் பாடியது, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஜெர்சனின் அத்தைமார் ஒவ்வொருவராக வந்து அவள் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதிர்ச்சி, ஒரு வாரம் போனால் தானாக அழுதுவிடுவாள் என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். வாரம் போனது, கிறிஸ்துமஸ் போனது, ஈஸ்டரும் போனது. பியூலா எழுந்தாள், சமைத்தாள், துணி மடித்தாள். அழுகை மட்டும் வரவில்லை.

ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்தப் பக்கம் விமானம் மொட்டைமாடியை உரசுவது போலப் போகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதியில் வாயை மூடிக்கொண்டு, சத்தம் போன பிறகு விட்ட இடத்தில் தொடர்வார்கள். அது அங்கே யாருக்கும் அதிசயம் இல்லை. தாவரவியல் படித்தாள். கல்யாணமாகிச் சிட்லபாக்கம் வந்து பி.எட். சேர்ந்தாள், எப்சி வயிற்றில் வந்ததும் பாதியில் விட்டாள். எப்சி கொஞ்சம் வளர்ந்த பிறகு பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். ரொம்பச் சிரிப்பாள், ரொம்பப் பேசுவாள் என்று அந்தக் காலத்தில் அவளைப் பற்றி ஒரு புகார்கூட உண்டு.

ஜெர்சன் போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு அண்ணன் ஜோஷ்வா வீட்டுக்குப் போனாள். அதுவும் சிட்லபாக்கம்தான், ஏரிப் பக்கம். அண்ணி ஜெனி கெட்டவள் இல்லை. வீடுதான் சின்னது. ஜோஷ்வாவின் மகன் பிளஸ் டூ, அவனுக்கு ஒரு ரூம். பியூலாவும் எப்சியும் ஹாலில் படுத்தார்கள். அவர்கள் படுத்தால் டி.வி.யை நிறுத்த வேண்டும். ஜெனி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிறுத்திய டி.வி.யைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள்.

"நீ எத்தன வருஷம் வேணா இரு பியூலா, உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ," என்பான் ஜோஷ்வா. அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஜெனிக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இந்த நிலையில்தான் ரத்தினபாய் மேடம் சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பியூலாவை ஓரமாகக் கூப்பிட்டார். பெருங்களத்தூர் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு அவர் பிரின்சிபால். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் அத்தனை கட்டிலும் காலியாகக் கிடக்கும். காலிக் கட்டிலைப் பார்த்தால் மேனேஜ்மென்ட்டுக்கு மனசு கேட்காது. அதனால் சம்மர் கேம்ப். ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், நீச்சல், கையெழுத்து. சோழிங்கநல்லூரில் அப்பாவும் அம்மாவும் ஐ.டி. வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், துபாயில் இருப்பவர்களின் பிள்ளைகள், லீவில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்களின் பிள்ளைகள் எல்லாம் வந்து மே முழுவதும் தங்குவார்கள்.

"டீச்சிங் அசிஸ்டென்ட்டா வா. இந்த ஒரு மாசம் நல்லபடியா பண்ணிட்டா ஜூன்லேர்ந்து உதவி வார்டன். குவார்ட்டர்ஸ் உண்டு. சின்னதுதான், ஆனா தனியா இருக்கு. பொண்ணுக்கும் இங்கயே சீட் போட்டுத் தரேன்," என்றார் மேடம்.

தனியாக ஒரு கதவு. அதற்கு ஒரு சாவி. படுக்கும்போது யாருடைய டி.வி.யும் நிற்காது. பியூலா சரி என்றாள்.

"ஒரு கண்டிஷன் இருக்கு," என்றார் மேடம். "எப்சிய கேம்ப்புல சேத்துக்கறேன். ஆனா இங்க இருக்கற வரைக்கும் அவ உன் பொண்ணு கெடையாது. உன்ன மிஸ்னுதான் கூப்பிடணும். அவ உன் ரூமுக்கு வரக் கூடாது, நீ அவ கட்டில் பக்கம் போய் நிக்கக் கூடாது. வேற யாருக்கும் தெரியவும் வேண்டாம். முடியுமா?"

மேடம் கல்நெஞ்சக்காரர் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வார்டன் தன் மகன் தட்டில் மட்டும் இரண்டாவது முட்டையை வைத்து, அதை இன்னொரு பையன் வீட்டில் சொல்லி, பெற்றோர் எல்லாம் வேன் பிடித்து வந்து கேட்டில் நின்றார்கள். முட்டைக்காகப் பட்ட அவமானம் மேடத்துக்கு இன்னும் மறக்கவில்லை.

"முடியும் மேடம்," என்றாள் பியூலா.

இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நம் ஊரில் டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் அம்மா வேலை பார்க்கும் பள்ளியிலேயே படித்தால் அம்மாவை மிஸ் என்றுதான் கூப்பிடும். காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் மிஸ். நாலு மணி பெல் அடித்து வெளியே வந்ததும் அம்மா. பிள்ளைகளுக்கு அது செருப்பைக் கழற்றி மாட்டுவது போலப் பழகிவிடும். ஹாஸ்டலில் நாலு மணி பெல் கிடையாது என்பதை மட்டும் பியூலாவும் யோசிக்கவில்லை, மேடமும் யோசிக்கவில்லை.

எப்சி யோசித்தாள். மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"சாயங்காலமும் மிஸ்ஸா?"

"ஆமா."

"தூங்கும்போது?"

"தூங்கும்போதும் மிஸ்தான்."

"கனவுல வந்தா?"

 கண்டக்டர் வந்தார், பியூலா டிக்கெட் வாங்கினாள்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் எப்சிக்கு வாய் தவறிவிட்டது. "அம்மா, தண்ணி," என்றாள். பியூலா ஜக்கோடு பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். நிற்கவில்லை, திரும்பவில்லை, அடுத்த பெஞ்சுக்குப் போய் ஊற்றினாள். ஹாலின் மறுகோடியிலிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், தண்ணி," என்று குரல் வந்தது. பியூலா திரும்பி வந்து தம்ளரை நிரப்பினாள். மேடம் தலையை ஆட்டினார். நல்ல வேலைக்காரி என்று அவர் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். அதற்குப் பிறகு எப்சிக்கு ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

டீச்சிங் அசிஸ்டென்ட் என்றால் பாடம் நடத்துவதில் உதவி என்று படித்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாடம் நடத்த வேறு ஆட்கள் காரில் வந்து போனார்கள். பியூலா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பென்சில் சீவினாள், பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், நீச்சல் முடிந்து நடுங்கும் பிள்ளைகளைத் துவட்டினாள், வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டாள். அக்கினி நட்சத்திரம் கொளுத்தியது. தகர ஷெட்டுக்குக் கீழே அபாகஸ் மணிகள் சடசடவென்று ஓடும் சத்தத்தில் மற்ற அசிஸ்டென்ட்டுக்குத் தலை வலித்தது. பியூலாவுக்கு வலிக்கவில்லை.

மற்ற அசிஸ்டென்ட் சுப்ரஜா. சேலையூர்ப் பெண், காலேஜ் கடைசி வருடம், லீவுக்கு வேலைக்கு வந்தவள். வாய் ஓயாது. காலை ஜெபத்துக்கு முன்னால் வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டு இவர்கள் இருவரும் உட்கார, பெண்பிள்ளைகள் தலை பின்னிக்கொள்ள இரண்டு வரிசையாக நிற்பார்கள். பியூலா போடும் வகிடு ஸ்கேல் வைத்தது போல இருக்கும். சுப்ரஜா கதை பேசிக்கொண்டே பின்னுவாள், வகிடு கோணலாகப் போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். எப்சி முதல் சில நாட்கள் பியூலாவின் வரிசையில் நின்றாள். பிறகு சுப்ரஜாவின் வரிசைக்கு மாறிவிட்டாள். நாள் முழுக்கக் கோணல் வகிடோடு திரிந்தாள். பியூலா அதைக் கவனித்தாள். வகிடு கோணலாக இருக்கிறது என்று கவனித்தாள், அதோடு சரி.

"அந்த எப்சிக்கு உங்க ஜாடை கொஞ்சம் இருக்கு மிஸ்," என்றாள் சுப்ரஜா ஒரு நாள்.

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு பியூலா அடுத்த பிள்ளையின் ரிப்பனை முடிந்தாள்.

கேம்ப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் நேரம். இரண்டு பள்ளி போன்களை ஹாலுக்குக் கொண்டுவருவார்கள். ஒன்று பியூலா கையில், ஒன்று சுப்ரஜா கையில். பிள்ளைகள் வரிசையாக வர, வீட்டு நம்பரைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பேசும்போது அசிஸ்டென்ட் எதிரே உட்கார்ந்து பிள்ளையின் கீழுதட்டையே பார்க்க வேண்டும். உதடு துடிக்க ஆரம்பித்தால் சத்தமில்லாமல் போனை வாங்கிக் கட் பண்ணிவிட்டு, "நெட்வொர்க் போயிடுச்சு கண்ணா," என்று சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை போனில் அழுதால் மறுநாள் காலை ஒரு கார் வந்து நிற்கும், அந்தப் பிள்ளை போவதைப் பார்த்துப் பத்துப் பிள்ளை அழும் என்பது மேடத்தின் அனுபவம். இந்த வேலையில் பியூலாவை மிஞ்ச ஆள் இல்லை. உதடு துடிப்பதற்கு முந்தின நொடியே அவளுக்குத் தெரிந்துவிடும். சுப்ரஜா முதல் ஞாயிறு கோட்டை விட்டாள், பிள்ளையோடு சேர்ந்து தானும் மூக்கை உறிஞ்சினாள். பியூலாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"கண்ணப் பாக்காத சுப்ரஜா. கண்ணப் பாத்தா உனக்கும் வந்துடும். உதட்ட மட்டும் பாரு."

எப்சியும் வரிசையில் நிற்பாள். கேம்ப்பில் அவள் வீட்டு நம்பர் என்று கொடுத்திருந்தது ஜோஷ்வாவின் நம்பர். முதல் ஞாயிறு மாமாவிடம் பேசினாள். அடுத்த ஞாயிறு மாமா போனை எடுக்கவில்லை, சர்ச் கமிட்டி மீட்டிங்கில் இருந்திருக்கிறான். மணி அடித்து ஓய்ந்தது. எப்சி எழுந்து விளையாடப் போய்விட்டாள். சமத்துக் குழந்தை என்றாள் சுப்ரஜா.

கேம்ப் முடிய ஒரு வாரம் இருந்தபோது வந்த ஞாயிறு அது. காலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மேடம் பியூலாவின் கையைப் பிடித்தார்.

"குவார்ட்டர்ஸ் சாவி என் டேபிள்ல எடுத்து வெச்சிட்டேன். போன் நேரம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோ. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், எலக்ட்ரீஷியன வரச் சொல்லிருக்கேன்."

"சரி மேடம்," என்றாள் பியூலா. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். மத்தியானம் பிரிஞ்சிக்கு ரைத்தா பரிமாறப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஹாலில் ஒரே இரைச்சல். பியூலா எதிரில் ஒரு பையன் துபாய் அப்பாவிடம் பேசிவிட்டு எழுந்தான். அடுத்த பிள்ளை வருவதற்குள் சுடிதார் பாக்கெட்டில் இருந்த அவளுடைய சொந்த போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தாள். பள்ளி நம்பர். மேடம்தான் ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"ஹலோ, மேடம்."

"அம்மா, நான் எப்சி பேசறேன்."

பியூலா திரும்பி ஜன்னல் கம்பி வழியாக ஹாலுக்குள் பார்த்தாள். சுப்ரஜாவின் நாற்காலிக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு எப்சி உட்கார்ந்திருந்தாள். கோணல் வகிடு. காதில் பள்ளி போன். தொலைந்து போனால் சொல்ல வேண்டும் என்று அம்மாவின் நம்பரை ஜெர்சன் ராகம் போட்டு அவளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தான். அதைத்தான் சுப்ரஜாவிடம் சொல்லிப் போடச் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லு," என்றாள் பியூலா.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"சாப்டியா?"

"ம்."

"என்ன சாப்ட?"

"பிரிஞ்சி."

"இங்கயும் பிரிஞ்சிதான்ம்மா. ரைத்தாவுல வெங்காயம் ஜாஸ்தி. அம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு."

"எந்தப் பல்லு?"

"மேல, முன்னாடி. புதன்கிழமையே விழுந்துடுச்சு."

புதன், வியாழன், வெள்ளி, சனி. காலையும் மாலையும் அட்டெண்டன்ஸ் எடுத்தது பியூலாதான். எப்சி என்று கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, டிக் போட்டது அவள்தான். இன்று மத்தியானம் ரைத்தா ஊற்றியதும் அவள்தான். முன்பல் இல்லாததை அவள் பார்க்கவில்லை.

"மிஸ்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள். குரல் சரியாகத்தான் வந்தது.

"சுப்ரஜா மிஸ்கிட்ட சொன்னேன். பேப்பர்ல மடிச்சு வெச்சிருக்கேன், உன்கிட்ட காட்டறதுக்கு. இங்க இன்னொரு மிஸ் இருக்காங்கம்மா. பியூலா மிஸ்."

பியூலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கம்பி சுட்டது. சுடுவது தெரிந்தது.

"எப்படி அந்த மிஸ்?"

"நல்ல மிஸ்தான். அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. ஆனா பாக்க மாட்டாங்கம்மா. இப்படி நம்மளயே பாப்பாங்க, ஆனா பாக்க மாட்டாங்க. அப்பா செத்தப்புறம் நீ இருந்தல்ல, அந்த மாதிரி."

 பியூலாவுக்கு முன்னால் ஒரு காக்கை வராந்தாப் படியில் இறங்கி ஏதோ கொத்திக்கொண்டு போனது.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"எப்பம்மா வந்து என்னக் கூட்டிட்டுப் போவ?"

அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. ஜன்னல் வழியே பியூலா சுப்ரஜாவைத்தான் பார்த்தாள். சுப்ரஜா எப்சியின் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொடுத்தபடியே. அவள் கை போனை நோக்கி நீண்டது.

"நாளைக்கு," என்றாள் பியூலா அவசரமாக. "நாளைக்கு வரேன் எப்சி, நாளைக்குக் காலையில."

லைன் கட்டாகியிருந்தது. எவ்வளவு உள்ளே போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. சுப்ரஜாவின் வாய் அசைந்தது. நெட்வொர்க் போயிடுச்சு கண்ணா.

பியூலா ஹாலுக்குள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த பிள்ளைக்கு நம்பர் போட்டாள். எப்சி எழுந்து, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு, அவள் பக்கமாக வந்து நின்றாள்.

"மிஸ்."

"என்ன?"

"எங்க அம்மா நாளைக்கு வராங்களாம் மிஸ்," என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். மேல் வரிசை நடுவில் ஓட்டை நன்றாகத் தெரிந்தது.

போன் நேரம் முடிந்து பியூலா ஆபீஸுக்குப் போனாள். மேஜை மேல் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வளையத்தில் சாவி இருந்தது. மேடம் சிரித்துக்கொண்டே அதை அவள் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குக் காலையில நாங்க கெளம்பறோம் மேடம்," என்றாள் பியூலா.

"யாரு நாங்க? எங்க?"

"நானும் எப்சியும். வீட்டுக்கு. அவ போன் பண்ணா மேடம், வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னா. வரேன்னு சொல்லிட்டேன்."

மேடத்துக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரே ஒரு வாரம் பியூலா. சனிக்கிழமை கேம்ப் முடியுது. ஜூன்லேர்ந்து நீயும் அவளும் அந்த வீட்டுல ஒண்ணா இருக்கப்போறீங்க. ஒரு வாரம் பொறுத்துக்க முடியாதா?"

"ஜூன்ல அவ இங்க படிச்சா என்ன எப்படிக் கூப்பிடணும் மேடம்?"

 முட்டை விவகாரம் மேடத்தின் முகத்தில் வந்து போனது. அம்மா என்று கூப்பிடலாம் எனப் பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"நான் என்ன பண்ணட்டும்? பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கு இந்த வேலையத் தர முடியாது. கமிட்டிக்கு நான் பதில் சொல்லணும்."

"தெரியும் மேடம்."

சாவியைப் பார்த்தாள். அது அவளுக்கு வேண்டும்போலத்தான் இருந்தது. வேண்டும் என்று பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது, அதுவும் விடப்போகிற நேரத்தில். எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி ஆபீஸில் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே போனாள். எதிரே டீக்கடையில் ஒரு டீ சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள். ஜெனியின் முகமும் நிறுத்தி வைத்த டி.வி.யும் ஞாபகத்துக்கு வந்தன. பயமாக இருந்தது. பெற்றோர் வரலாம் என்ற நேரம் ஆனதும் ரோட்டைக் கடந்து திரும்பவும் கேட்டுக்கு வந்தாள். கிட்டு ஸ்டூலை விட்டு எழுந்தார். முதல் நாள் அம்மாவும் மகளுமாக இறங்கி வந்ததைப் பார்த்தவர் அவர். ஒரு மாதமாக அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"இன்னா மிஸ், இப்பத்தான பையத் தூக்கினு வெளிய போனீங்க? எதனா மறந்துட்டீங்களா?"

"பேரன்ட் வந்திருக்கேன்ணா. எப்சியோட அம்மா. உள்ள சொல்லுங்க."

கிட்டு அவளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். கழுத்தில் அட்டை இல்லை. வேறு எதுவும் கேட்கவில்லை. இன்டர்காமை எடுத்து, "எப்சி பாப்பாவோட அம்மா வந்துகீறாங்க. மைக்ல கூப்டுங்க," என்றார்.

யாருடைய வீட்டிலிருந்தாவது ஆள் வந்தால் மைக்கில் பெயர் சொல்வது கேம்ப் வழக்கம். அந்த மைக் கரகரத்தால் நீச்சல் குளத்திலிருக்கும் பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டு தலையைத் தூக்கும். இன்றும் கரகரத்தது. சுப்ரஜாவின் குரல்.

"எப்சி ஜெர்சன். எப்சி ஜெர்சன். உங்க அம்மா வந்திருக்காங்க."

ஜெர்சன் என்ற பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லிப் பியூலா கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அவளுக்காக அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லப் பழகியிருந்தார்கள். இப்போது அது தகர ஷெட்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் மோதித் திரும்பி வந்தது. பல் டாக்டர் போட்ட ஊசி இறங்கும்போது முதலில் வருவது வலிதான். பியூலா கேட்டுக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

எப்சி வந்தாள். ஓடி வரவில்லை, பையை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். முதலில் பியூலாவின் கழுத்தைப் பார்த்தாள். அட்டை இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"பெருங்களத்தூர்ல டிராஃபிக்," என்றாள் பியூலா.

"திங்கக்கிழம காலையில அப்படித்தான் இருக்கும்," என்றாள் எப்சி பெரிய மனுஷி போல. பிறகு பாவாடைப் பாக்கெட்டில் கையை விட்டு, ரூல் போட்ட பேப்பரில் மடித்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

பியூலா வெயிலிலேயே நின்று பிரித்தாள். அரிசி நொய் போல ஒரு பல். வேர்ப்பக்கம் லேசாக ரத்தம் காய்ந்திருந்தது. குனிந்து எப்சியின் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, அது இருந்த இடத்தைப் பார்த்தாள். ஈறில் வெள்ளையாக அடுத்த பல்லின் நுனி எட்டிப் பார்த்தது. ஜெர்சன் இருந்தால் இதைப் பார்த்து என்ன கேலி செய்திருப்பான் என்பது அவளுக்கு அப்படியே காதில் கேட்டது.

பியூலாவின் கீழுதடு துடித்தது. அடக்கிக்கொள்ளப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள்.

எப்சி அந்த உதட்டையே கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேம்ப்பில் இத்தனை ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றவளுக்கு அது எதற்கு அடையாளம் என்று தெரியாதா என்ன. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுக்கோம்மா. இது போன் இல்லல்ல, யாரும் கட் பண்ண மாட்டாங்க."

பியூலா அப்படியே கேட்டோரம் மண்ணில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு, செப்டம்பரில் அழ வேண்டியதை அழுதாள். கிட்டு ஸ்டூலை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.